டெஸ்டோஸ்டிரோன் எடுக்கும் திருநம்பிக்கு எரிச்சலும் ரத்தக் கறையும்: கழுவினால் தீருமா, மருத்துவரிடம் போக வேண்டுமா?

தம்பி, நீங்கள் கேட்டதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துக்கொள்வோம். நீங்கள் திருநம்பி, அதாவது பிறப்பில் பெண் எனக் குறிக்கப்பட்டு ஆணாக வாழ்பவர். உங்களுக்கு வயது 25. மூன்று ஆண்டுகளாக ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்கிறீர்கள். மாதவிடாய் நின்று இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. கருப்பை அறுவை சிகிச்சை எதுவும் செய்துகொள்ளவில்லை. சில மாதங்களாகக் கீழே வறட்சி, எரிச்சல், சிறுநீர் கழிக்கும்போது கடுப்பு, சில நாட்களில் வாடை. அண்மையில் உள்ளாடையில் அவ்வப்போது ரத்தக் கறையும் தெரிகிறது. விளம்பரத்தில் வரும் திரவ சோப்பை வாங்கி நாளுக்கு மூன்று முறை கழுவுகிறீர்கள். வெந்நீரில் கிருமிநாசினி கலந்தும் பார்த்துவிட்டீர்கள். ஒருமுறை அரசு மருத்துவமனை வரை போய், மகளிர் நோய்ப் பிரிவின் வரிசையைப் பார்த்ததும் திரும்பி வந்துவிட்டீர்கள். 'எதை வைத்துச் சுத்தம் செய்தால் இது சரியாகும்?' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிசையில் நிற்காமலே இதைச் சமாளிக்க வழி உண்டா என்பதுதான் அதற்குள் இருக்கும் கேள்வி என்று நினைக்கிறேன். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

வறட்சியும் எரிச்சலும் அழுக்கினால் வந்தவை அல்ல. ஆகவே கழுவினால் தீராது. கழுவக் கழுவக் கூடத்தான் செய்யும். அதற்கு எளிய மருந்து இருக்கிறது. ரத்தக் கறை வேறு விஷயம். அதை ஒரு மருத்துவர் நேரில் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் அந்தச் சந்திப்பு நீங்கள் அஞ்சுவது போல நடக்க வேண்டியதில்லை. அதில் பெரும்பகுதியை உங்கள் விருப்பப்படி அமைத்துக்கொள்ளலாம். நான் மகளிர் நோய் மருத்துவர். அரசுப் பணியிலும் பிறகு சொந்த கிளினிக்கிலும் திருநம்பிகளைப் பார்த்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லோருமே தாங்க முடியாத நிலையில்தான் வந்தார்கள். உங்களைப் பரிசோதிக்காமல் உங்களுக்கு இன்ன நோய் என்று நான் சொல்ல முடியாது. என்னவாக இருக்கலாம், அதில் எதை அலட்சியப்படுத்தக் கூடாது என்று சொல்ல முடியும்.

முதலில் வறட்சி. உள்பாதையின் தோலைத் தடிமனாகவும் ஈரமாகவும் வைத்திருப்பது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன். அந்தத் தோலின் செல்களில் கிளைகோஜன் என்ற சர்க்கரைப் பொருள் சேரும். லாக்டோபேசிலஸ் என்ற நல்ல பாக்டீரியாக்கள் அதைக் கொண்டு வாழ்ந்து லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும். அந்த அமிலம்தான் காவல். உள்ளே பி.எச். அளவு (இது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) 3.8 முதல் 4.5 வரை இருக்கும்போது தீய கிருமிகள் எளிதில் பெருக முடியாது. டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சையில் ஈஸ்ட்ரோஜனின் வேலை குறைகிறது. தோல் மெலிகிறது, கிளைகோஜன் குறைகிறது, நல்ல பாக்டீரியாக்கள் விலகுகின்றன, அமிலத்தன்மை போய்விடுகிறது. சிகிச்சை தொடங்கிய முதல் ஆறு மாதங்களுக்குள்ளேயே இது ஆரம்பிக்கும். ஓரிரு ஆண்டுகளில் முழு அளவை எட்டும். உங்கள் காலக்கணக்கும் இதோடு பொருந்துகிறது. மாதவிடாய் நின்றுபோன ஐம்பது, அறுபது வயதுப் பெண்களுக்கு வருவதும் இதே மாற்றம்தான். உங்கள் உடம்பில் ஏதோ விபரீதம் நடந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். மருந்து செய்யும் வேலையின் எதிர்பார்த்த விளைவு இது.

இப்படி மெலிந்த தோலின் மீது சோப்பு படும்போது என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். காய்ந்த உதட்டை நாக்கால் ஈரப்படுத்த ஈரப்படுத்த இன்னும் வெடிப்பதைப் போலத்தான் இதுவும். சோப்பு மிச்சமிருக்கும் எண்ணெய்ப் பசையையும் எடுத்துவிடுகிறது. கிருமிநாசினி மிச்சமிருக்கும் நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிடுகிறது. எரிச்சல் கூடுகிறது, அது அழுக்கென்று தோன்றி நீங்கள் மறுபடியும் கழுவுகிறீர்கள். இன்றோடு கிருமிநாசினியை நிறுத்திவிடுங்கள். அது காயத்துக்கும் தரைக்கும் உரியது, அந்த இடத்துக்கு எந்த அளவிலும் ஆகாது. உள்பாதைக்குள் விரலாலோ குழாயாலோ தண்ணீர் பாய்ச்சிக் கழுவுவதும் கூடாது; உள்பகுதி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். வெளிப்பகுதியை நாளுக்கு ஒருமுறை, வெயில் காலத்தில் இரண்டு முறை, வெறும் தண்ணீரால் கழுவினால் போதும். வெந்நீர் வேண்டாம். சோப்பு போட்டே தீர வேண்டும் என்று தோன்றினால் வாசனை இல்லாத மென்மையான சோப்பைத் தொடையிடுக்கிலும் முடி வளரும் இடத்திலும் மட்டும் பயன்படுத்துங்கள். இதழ்களுக்கு உள்ளே வேண்டாம். அந்தரங்கச் சுத்தத்துக்கென்று விற்கும் திரவங்கள் அமிலத்தன்மையைக் காப்பதாகச் சொல்கின்றன. வெளித்தோலில் ஊற்றிய திரவம் உள்ளே போன அமிலத்தைத் திருப்பிக் கொண்டுவராது. அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள். கழுவிய பின் மெல்லிய துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். மலம் கழித்த பின் முன்னிருந்து பின்னாகக் கழுவுங்கள். இந்தப் பழக்கம் சிறுநீர்த் தொற்றைத் தடுக்க உதவும்.

வறட்சிக்கு மருந்து என்று சொன்னேன் அல்லவா, அது இரண்டு வகை. தண்ணீர் சார்ந்த வழுக்குக் களிம்பும் ஈரப்பதம் தரும் ஜெல்லும் மருந்துச் சீட்டு இல்லாமலே கிடைக்கும். உடலுறவின்போதும், நடக்கையில் உரசல் எரியும்போதும் இவை உதவும். தேங்காய் எண்ணெய் வெளித்தோலுக்குக் கெடுதல் செய்யாது. ஆனால் எண்ணெய் எதுவும் ஆணுறையைப் பலவீனமாக்கிக் கிழித்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். இரண்டாவது, உள்ளே வைக்கும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு. நம் ஊரில் பெரும்பாலும் எஸ்ட்ரியால். வழக்கமாக முதல் இரண்டு வாரங்கள் தினமும் இரவில், பிறகு வாரத்தில் இரண்டு நாள். ஈஸ்ட்ரோஜன் என்ற பெயரைக் கேட்டதும் திருநம்பிகளின் முகம் மாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இவ்வளவு கஷ்டப்பட்டுப் பெற்ற தாடியும் குரலும் போய்விடுமோ என்ற பயம் நியாயமானதுதான். போகாது. இந்தக் களிம்பு போட்ட இடத்திலேயே வேலை செய்கிறது. ரத்தத்தில் கலப்பது மிகச் சொற்பம். டெஸ்டோஸ்டிரோனின் வேலையை அது குறைக்காது. விரலை உள்ளே விடுவதே மனதுக்கு ஒவ்வவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். உள்ளே வைக்கும் மாத்திரையாகவும், மெல்லிய குழல் கொண்டு செலுத்துவதாகவும் வேறு வடிவங்கள் உண்டு.

உடுப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் தொடையிடுக்கில் வரும் அரிப்பு பல நேரம் படர்தாமரை. கடையில் கேட்டால் பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்த களிம்பைக் கொடுப்பார்கள். இரண்டு நாளில் அரிப்பு நின்றுவிடும், அடுத்த மாதம் இரு மடங்காகத் திரும்பும். ஸ்டீராய்டு கலந்த எதையும் அந்த இடத்தில் நீங்களாகப் போடாதீர்கள். பருத்தி உள்ளாடை, வியர்த்ததும் மாற்றுதல், துவைத்ததை வெயிலில் நன்றாகக் காய வைத்தல் ஆகியவை மிக அவசியம். ஒரே அறையில் நண்பர்களோடு தங்கியிருப்பவர்கள் உள்ளாடையை மறைவாக ஈரத்தோடு காயப்போட்டு அப்படியே அணிவது எனக்குத் தெரியும். ஒரு சின்ன மின்விசிறிக்குக் கீழே போட்டாலும் சரி, முழுக்கக் காய்ந்த பிறகு அணியுங்கள். உள்ளாடைக்குள் சிலிக்கோனால் ஆன செயற்கை ஆணுறுப்பு வைப்பவராக இருந்தால் அதைத் தினமும் சோப்பால் கழுவித் துடைத்துக் காயவையுங்கள், தூங்கும்போது எடுத்துவிடுங்கள். மார்பை இறுக்கும் உள்ளாடையும் அப்படித்தான்: எட்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். கிரேப் பேண்டேஜ் சுற்றவே கூடாது, அது மூச்சையும் விலா எலும்பையும் அழுத்தும்.

சிறுநீர்க் கடுப்பைப் பற்றி எழுதியதைப் படித்தபோது எனக்கு முதலில் எழுந்த சந்தேகம், நீங்கள் வேலைக்குப் போகும் நாளில் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள் என்பது. என்னிடம் வரும் திருநம்பிகள் பலர் காலையில் வீட்டில் போனால் மாலை திரும்பிய பிறகுதான் கழிப்பறைக்குப் போகிறார்கள். ஆண்கள் கழிப்பறையில் தாழ்ப்பாள் உள்ள அறை ஒன்றே ஒன்று, அதுவும் பூட்டியிருக்கும் அல்லது உடைந்திருக்கும். பெண்கள் பக்கம் போக முடியாது. ஆகவே தண்ணீரையே குறைத்துவிடுகிறார்கள். மெலிந்த தோல், அடக்கிய சிறுநீர், குறைந்த தண்ணீர் என்ற இந்த மூன்றும் சேர்ந்தால் தொற்று வராமல் இருந்தால்தான் வியப்பு. குற்றம் உங்களுடையது அல்ல, கழிப்பறை கட்டியவர்களுடையது. இருந்தாலும் சிறுநீரகம் உங்களுடையது. வேலையிடத்துக்குப் பக்கத்தில் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை இருக்கும் ஓர் உணவகத்தையோ வணிக வளாகத்தையோ கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது போங்கள். கடுப்போடு காய்ச்சல், குளிர் நடுக்கம், இடுப்புக்கு மேலே முதுகில் வலி வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தொற்று சிறுநீரகத்தைத் தொட்டிருக்கலாம்.

வாடையும் கசிவும் எல்லா நேரத்திலும் ஒன்றல்ல. தயிர்க்கட்டி போல வெள்ளையாக, கடும் அரிப்போடு வந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். சாம்பல் நிறத்தில் நீர்த்து, மீன் வாடையோடு வந்தால் பாக்டீரியாக்களின் சமநிலை குலைந்ததாக இருக்கலாம். மஞ்சள் பச்சையாக, நுரையோடு வந்தால் உடலுறவால் பரவும் தொற்றை நினைக்க வேண்டும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. பூஞ்சை மாத்திரையை வாங்கிப் பாக்டீரியாத் தொற்றுக்குப் போட்டால் பயன் இல்லை. அதிலும், டெஸ்டோஸ்டிரோன் எடுப்பவருக்கு வெறும் வறட்சியே மஞ்சள் கசிவையும் எரிச்சலையும் தரும். அப்படிப்பட்டவர் பூஞ்சை மாத்திரையாக விழுங்கிக்கொண்டிருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். இதற்குச் சோதனை எளிது: பஞ்சு சுற்றிய குச்சியால் கொஞ்சம் கசிவை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. அந்தக் குச்சியைத் திரைக்குப் பின்னால் நீங்களே வைத்து எடுத்துக் கொடுக்கலாம். அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்களுக்கென இருக்கும் சுகவாழ்வு மையத்தில் இது இலவசம். மகளிர் பிரிவு வரிசைக்கு நீங்கள் போக வேண்டியதில்லை, அங்கே ஆண்களும் பெண்களும் ஒரே மாதிரி வந்து போகிறார்கள். முதல் அடி எடுத்து வைக்கத் தயங்குகிறவர்களை நான் பெரும்பாலும் அங்கேதான் போகச் சொல்வேன்.

இனி ரத்தக் கறை. நின்ற மாதவிடாய் இரண்டு ஆண்டுகள் கழித்துத் திரும்பினால் காரணம் தேட வேண்டும். மிகச் சாதாரணமான காரணம் ஊசி தள்ளிப்போனது, அல்லது அளவு போதாமல் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் குறைந்தது. கடந்த நான்கு மாதத்து ஊசித் தேதிகளை எழுதிப் பாருங்கள். மெலிந்த தோல் உரசிக் கசிவதும் உண்டு. கருப்பை வாயில் அழற்சி, சிறு சதை வளர்ச்சி, கருப்பையில் நார்க்கட்டி, உட்சுவர் தடிப்பு இவையும் இருக்கலாம். அரிதாகப் புற்றுநோயின் தொடக்கமும் அப்படித்தான் தெரியும். உங்கள் வயதில் அது மிக அரிது. ஆனாலும் பார்க்காமல் இல்லை என்று சொல்ல எந்த மருத்துவருக்கும் உரிமை இல்லை.

கருத்தரிப்பும் இந்தப் பட்டியலில் இருக்கிறது. உங்கள் துணை யார், எப்படிப்பட்ட உறவு என்று நீங்கள் எழுதவில்லை, எழுத வேண்டிய கட்டாயமும் இல்லை. கருத்தரிக்க வாய்ப்புள்ள உறவு இருந்தால் இதைப் படியுங்கள், இல்லையென்றால் தாண்டிப் போங்கள். டெஸ்டோஸ்டிரோன் கருத்தடை மருந்து அல்ல. மாதவிடாய் நின்றிருந்தாலும் சினைமுட்டை வெளியாக முடியும், கரு தங்க முடியும். வளரும் கருவுக்கு டெஸ்டோஸ்டிரோன் கெடுதல் செய்யும். ஆணுறை, காப்பர் டி, ஈஸ்ட்ரோஜன் கலக்காமல் புரோஜெஸ்டின் என்ற ஹார்மோன் மட்டும் உள்ள மாத்திரை அல்லது ஊசி எதையும் டெஸ்டோஸ்டிரோனோடு சேர்த்துப் பயன்படுத்தலாம். அவசரக் கருத்தடை மாத்திரையும் வேலை செய்யும். 72 மணி நேரத்துக்குள், முடிந்தவரை சீக்கிரம் எடுக்க வேண்டும். கருக்கலைப்பு தேவைப்பட்டால் சட்டம் உங்களுக்கும் உண்டு. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில், 'பெண்' என்ற சொல்லைப் பாதுகாப்பான கருக்கலைப்பு தேவைப்படும் மற்ற பாலின அடையாளத்தவரையும் சேர்த்தே பயன்படுத்துவதாகத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நீங்கள் ஆண் என்பதால் இது பொருந்தாது என்று யாராவது சொன்னால் இந்தத் தீர்ப்பைச் சொல்லுங்கள்.

மருத்துவரிடம் போனால் என்ன நடக்கும் என்பதற்கு வருகிறேன். உங்களைத் திருப்பி அனுப்பியது அந்த அச்சம்தான். நம் ஊர் மகளிர் நோய்ப் பிரிவில் கேட்கப்படும் முதல் கேள்வி 'கல்யாணம் ஆகிவிட்டதா?' என்பது. உடலுறவு அனுபவம் உண்டா, உள்பரிசோதனை செய்யலாமா என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் அப்படிக் கேட்கிறார்கள். மோசமான கேள்வி, உங்களைப் போன்றவருக்கு அது எந்த அர்த்தமும் இல்லாத கேள்வி. அதற்குப் பதில் தேடித் தடுமாற வேண்டாம். 'நான் திருநம்பி. டெஸ்டோஸ்டிரோன் மூன்று ஆண்டாக. கருப்பையும் சினைப்பையும் இருக்கின்றன. மாதவிடாய் நின்ற பிறகு இப்போது ரத்தம் படுகிறது' என்ற நான்கு வாக்கியங்களை ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள். பெயர் என்ன, எப்படி அழைக்க வேண்டும், உடலின் பகுதிகளைக் குறிக்க எந்தச் சொல் உங்களுக்கு உறுத்தாது என்பதையும் அதிலேயே எழுதலாம். வரிசையில் எல்லோர் முன்னும் வாய் திறந்து சொல்வதைவிட இது எளிது, மருத்துவருக்கும் நேரம் மிச்சம்.

உள்பரிசோதனை முதல் நாளிலேயே கட்டாயமில்லை. உங்கள் விவரத்தைக் கேட்டு, ரத்த, சிறுநீர்ப் பரிசோதனையும் வயிற்றின் மேலிருந்து ஸ்கேனும் எடுத்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் வயிற்றின் மேலே வைத்து எடுக்கும் ஸ்கேனிலேயே கருப்பையும் சினைப்பையும் தெரியும். உள்ளே கருவியை வைத்து எடுக்கும் ஸ்கேனுக்கு ஒப்புக்கொள்ளும்படி யாரும் உங்களை வற்புறுத்தக் கூடாது. ரத்தக் கறைக்குக் கருப்பை வாயைக் கண்ணால் பார்ப்பது முக்கியம் என்பதால் ஒரு கட்டத்தில், உள்பாதையை விரித்துக் காட்டும் ஸ்பெகுலம் என்ற கருவியை வைத்துப் பார்க்க வேண்டி வரலாம். அதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து ஈஸ்ட்ரோஜன் களிம்பு போட்டால் வலி நிறையக் குறையும். அகலம் குறைந்த ஸ்பெகுலம் கேளுங்கள். பல மருத்துவமனைகளில் இருக்கிறது, பல நேரம் அலமாரியில் தூங்குகிறது. மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் ஜெல் கேளுங்கள். கருவியின் நுனியை நீங்களே பிடித்து உள்ளே செலுத்தலாம். கூட ஒரு நண்பர் நிற்கலாம். இடுப்புக்குக் கீழே மட்டும் உடை தளர்த்தி மேலே போர்வை போட்டுக்கொள்ளலாம். 'நிறுத்துங்கள்' என்று சொன்னால் நிறுத்த வேண்டும் என்று தொடங்கும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மாணவர்களைக் கூட வைத்துக்கொண்டு பார்க்க மருத்துவர் விரும்பினால் மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. மறுத்ததற்காகச் சிகிச்சை நிற்காது.

இதையெல்லாம் கேட்டதும் 'எந்த மருத்துவர் இதற்கெல்லாம் ஒப்புக்கொள்வார்?' என்று தோன்றும். எல்லோரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அதை மறைக்க மாட்டேன். என் துறையில் திருநம்பி ஒருவரை நேரில் பார்த்தே இராதவர்கள் பலர். நாங்கள் படித்த பாடத்தில் இது இல்லை. ஆனால் இப்போது உங்கள் பக்கம் சில பலங்கள் இருக்கின்றன. தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று ஏற்றது. 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் மருத்துவச் சேவையை மறுப்பதையும் அதில் பாகுபாடு காட்டுவதையும் தடை செய்தது. பாலின அடையாளத்தை 'மாற்றும்' சிகிச்சை என்று யாராவது பேச்சை எடுத்தால், சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று அதற்கு எதிராக உத்தரவிட்டது என்பதையும், தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது என்பதையும் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். எரிச்சலுக்கும் ரத்தக் கறைக்கும் மருத்துவம் பெற எந்தப் பாலினச் சான்றிதழும் தேவையில்லை. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையும் திருநர்களுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கியவை. நாளும் நேரமும் மாறக்கூடியவை என்பதால் விசாரித்துவிட்டுப் போங்கள். வேறு ஊரில் இருந்தால் உங்கள் ஹார்மோன் மருத்துவரிடமோ மூத்த திருநம்பிகளிடமோ எந்த மகளிர் நோய் மருத்துவர் நல்லவர் என்று கேளுங்கள். அந்த வாய்மொழிப் பட்டியல் எந்த விளம்பரப் பலகையையும்விட நம்பத்தக்கது.

தள்ளிப்போடுவதால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த ஒரு வாழ்க்கை இருக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வாழ்ந்த ராபர்ட் ஈட்ஸ் என்ற திருநம்பிக்குச் சினைப்பைப் புற்றுநோய் வந்தது. தங்கள் மற்ற நோயாளிகள் என்ன நினைப்பார்களோ என்று அஞ்சி மருத்துவர்கள் பலர் அவரைப் பார்க்க மறுத்தார்கள். சிகிச்சை கிடைத்தபோது நோய் பரவிவிட்டிருந்தது. 1999 ஜனவரியில் இறந்தார். அவர் போகாமல் இருக்கவில்லை, போய்க் கதவைத் தட்டினார், கதவு திறக்கவில்லை. இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. இதைப் படிக்கும் என் சக மருத்துவர்களுக்காகவும் சொல்கிறேன்.

புற்றுநோய் என்றதும் இன்னொன்று. கருப்பை வாய் இருக்கும் வரை அதற்கான பரிசோதனையும் வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் அந்தத் தேவையை நீக்குவதில்லை. நம் நாட்டுத் திட்டப்படி 30 வயது முதல் 65 வரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை. உங்களுக்கு இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன. அந்த வயதை எட்டும்போது, கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. கிருமிக்கான பரிசோதனையைக் கேளுங்கள். அதற்கான மாதிரியை ஸ்பெகுலம் இல்லாமல் நீங்களே குச்சியால் எடுக்க முடியும், உலக சுகாதார நிறுவனமும் அதை ஏற்கிறது. கருப்பை வாயின் செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர்தான் கிடைக்கிறது என்றால், டெஸ்டோஸ்டிரோன் எடுப்பதையும் மாதவிடாய் இல்லை என்பதையும் ஆய்வகச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். மெலிந்த தோலின் செல்கள் நோயுற்ற செல்களைப் போலவே தோன்றக்கூடும். தேவையான செல்களே கிடைக்காமலும் போகலாம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 2014இல் வெளியான ஓர் ஆய்வில் திருநம்பிகளின் பாப் ஸ்மியர்களில் 10.8 சதவீதம் படிக்க முடியாதவையாக இருந்தன. திருநர் அல்லாத பெண்களிடம் அது 1.3 சதவீதம்தான். ஆகவே மறுபடி வரச் சொன்னால் உடனே பதற வேண்டாம். எச்.பி.வி. தடுப்பூசியை உங்கள் வயதில் இப்போதே போட்டுக்கொள்ளலாம், ஆறு மாதத்தில் மூன்று ஊசி. 26 வயதுக்குள் தொடங்குவது நல்லது, அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

மருத்துவ உலகில் இன்னும் முடிவாகாதவை எவை என்றும் சொல்லிவிடுகிறேன். டெஸ்டோஸ்டிரோன் கருப்பை, சினைப்பைப் புற்றுநோயைக் கூட்டுகிறதா என்ற கேள்விக்கு, கூட்டுகிறது என்று இதுவரை நிரூபணம் ஆகவில்லை. பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்த பெரிய ஆய்வுகள் குறைவு. முன்பு சில ஆண்டுகள் டெஸ்டோஸ்டிரோன் எடுத்ததுமே கருப்பையை எடுத்துவிட வேண்டும் என்று சொல்வோம். இப்போது புற்றுநோய் பயத்துக்காக மட்டும் அறுவை சிகிச்சை செய்யச் சொல்வதில்லை. உங்கள் மனதுக்கு அது வேண்டும் என்றால் அதுவே போதுமான காரணம். யாராவது பயமுறுத்துவதால் செய்துகொள்ள வேண்டாம். டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளும் சிலருக்கு அடிவயிற்றில், குறிப்பாகப் பாலுறவின் உச்சகட்டத்தின்போது, சுருக்கென்ற வலி வருகிறது. அதன் காரணத்தில் எங்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. ஈஸ்ட்ரோஜன் களிம்பைப் பற்றி நான் உறுதியாகச் சொன்னதும் பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களிடம் செய்த ஆய்வுகளிலிருந்தும் என் அனுபவத்திலிருந்தும் வந்தது.

போகும்போது கடைசி ஊசியின் அட்டையையும் இரத்தப் பரிசோதனைத் தாள்களையும் எடுத்துச் செல்லுங்கள். உங்கள் ஹீமோகுளோபினும் ஹீமட்டோகிரிட்டும் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஆண்களின் அளவோடுதான் ஒப்பிடப்பட வேண்டும். சீட்டில் பெண் என்று இருந்தால் ஆய்வக இயந்திரம் சரியான அளவையே 'அதிகம்' என்று அச்சடித்துவிடும். ஆனால் ஹீமட்டோகிரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால் அது உண்மையிலேயே அதிகம், மருந்தளவைக் குறைக்க வேண்டும். ரத்தக் கறையைக் கண்டு பயந்து நீங்களாக ஊசியை நிறுத்தவோ இரட்டிப்பாக்கவோ வேண்டாம். இரண்டுமே ரத்தப்போக்கைக் கூட்டக்கூடும். ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனையும் அளவுக்குப் போனாலோ, தலைசுற்றினாலோ, அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி வந்தாலோ எந்தத் தனிப் பிரிவையும் தேட வேண்டாம், பக்கத்திலிருக்கும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு இரவானாலும் போங்கள். அப்படி இல்லை என்றால் இந்த இரண்டு வாரத்துக்குள் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். களிம்பு தொடங்கி ஆறு முதல் எட்டு வாரங்களில் எரிச்சல் நன்றாகக் குறைய வேண்டும். குறையாவிட்டால் மறுபடியும் அதே மருத்துவரிடம் போய்ச் சொல்லுங்கள்.